கணக்கெழுதும் கம்பெனி நடத்துவது எவ்வாறு?
வியாபாரிகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்

காப்பார் பட்டணத்திலும், மேருவிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை நடத்தும் நம்மவர்களுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புதிய கவலை பிறந்திருக்கிறது. அது சரக்கு விலையைப் பற்றிய கவலையன்று. ஆள் பற்றாக்குறையைப் பற்றியதுமன்று. விற்ற சரக்குக்கு எழுதும் பில்லைப் பற்றியது. உள்நாட்டு வருமான வரி வாரியம் இ-இன்வாய்ஸ் என்னும் முறையை 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட பெரிய ஸ்தாபனங்களிடம் தொடங்கியது. 2025 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள், அதே ஆண்டு ஜூலையில் 50 இலட்சத்திற்கு மேற்பட்டவர்கள், 2026 ஜனவரி 1 முதல் 10 இலட்சம் வெள்ளிக்கு மேற்பட்டவர்கள் எனப் படிப்படியாக அது இறங்கி வந்தது. பத்து இலட்சம் என்றதும் பெரிய தொகையாகத் தோன்றும். நாளொன்றுக்கு 2,800 வெள்ளி கல்லாவில் விழும் உணவகம் ஆண்டு முடிவில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். இருபத்து நான்கு மணி நேரமும் அடுப்பு எரியும் நம் கடைகளில் பல அந்தக் கணக்கில் சேர்ந்தவைதாம்.

இத்தகைய கடை ஒவ்வொன்றுக்கும் கணக்கு மென்பொருள் ஒன்று வேண்டியிருக்கிறது. வாரியமே மைஇன்வாய்ஸ் என்ற இணைய வாயிலை இலவசமாகத் திறந்து வைத்துள்ளது உண்மைதான். ஆனால் நாள்தோறும் நூறு பில் போடுகிறவர் அதிலே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மாதச் சந்தா கட்டி மென்பொருளை வாங்குகிறார்கள். அதை விற்கும் கம்பெனிகளுள் நம் பிள்ளைகள் நடத்துவது எத்தனை? கணினி படித்த பிள்ளைகள் நம்மிடையே இல்லாமலில்லை. சைபர்ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் பிறர் கம்பெனிகளில் நல்ல சம்பளத்திற்கு அவர்கள் இருக்கிறார்கள். தந்தையோ நாற்பதாண்டு காலம் கடை நடத்தி, வியாபாரியின் கணக்கு எங்கே இடறும் என்பதை விரல் நுனியில் வைத்திருக்கிறார். இருவரும் ஒரே வீட்டில் இருந்தும், ஒருவருடைய அறிவு மற்றவருக்குப் போய்ச் சேர்வதில்லை. இந்தப் பாடம் அவ்விருவருக்குமாக எழுதப்படுகிறது.

தந்தையின் தேவையும் மகனின் படிப்பும்

இவ்வாறு தந்தையும் மகனும் சேர்ந்ததால் உண்டான கம்பெனி ஒன்று இந்தியாவில் உண்டு. பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு இயந்திர உதிரிச் சாமான்கள் விற்று வந்தார். தம் வியாபாரத்தின் கணக்கை ஒழுங்காக எழுதத்தக்க மென்பொருள் சந்தையில் அவருக்கு அகப்படவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவை அழைத்து, நீயே ஒன்று செய் என்றார். 1986-இல் தொடங்கிய அம்முயற்சிதான் பின்னர் டாலி என்ற பெயரில் இந்தியக் கடைவீதிகள் எங்கும் பரவிற்று. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்த மென்பொருளின் முதல் வாடிக்கைக்காரர் யார் என்பதைக் கவனியுங்கள். கணக்குப் படித்த பேராசிரியர் அல்லர். கடை நடத்திய தந்தை. எந்தத் திரை குழப்பமாக இருக்கிறது, எந்தக் கேள்வி தேவையற்றது என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய வாடிக்கைக்காரர் வீட்டிலேயே கிடைத்தால் அதைவிட வேறென்ன முதல் வேண்டும்?

டாலி கடையிலுள்ள கணினியில் ஏற்றிவைக்கும் மென்பொருளாகத் தொடங்கியது. நாம் பேசவந்ததோ இணையம் வழியாக நடக்கும் மென்பொருள். கணக்குப் புத்தகம் கடையில் இராது. கம்பெனியின் கணினியில் இருக்கும். முதலாளி காப்பாரிலிருந்தும், அவருடைய கணக்காய்வாளர் கிள்ளானிலிருந்தும், உம்ராவுக்குச் சென்றிருந்தால் மக்காவிலிருந்தும் அதைப் பார்க்கலாம். இதற்கு நம் தமிழ் நாட்டிலேயே பேர்பெற்ற உதாரணம் இருக்கிறது.

தென்காசியில் ஒரு கம்பெனி

தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும், பின்னர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1996-இல் தம் உடன்பிறப்புகளோடும் நண்பர்களோடும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அப்போது அவர்கள் கணக்கு மென்பொருள் செய்யவில்லை. தொலைபேசி வலையமைப்புக் கருவிகளைச் செய்வோருக்கு உதவும் மென்பொருளை விற்றார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி அத்தொழில் சரிந்தபோது வாடிக்கைக்காரர்களில் பெரும்பகுதியினர் மறைந்துபோயினர். கையில் சேர்த்து வைத்திருந்த ரொக்கம் இருந்ததால் கம்பெனி பிழைத்தது. வேலையாட்களை வேறு பண்டம் செய்யும்படி திருப்பினார்கள். 2005-இல் ஸோகோ என்ற பெயரில் இணைய மென்பொருள்கள் வெளிவரத் தொடங்கின. 2008-இல் பில் எழுதும் மென்பொருள் வந்தது. 2009-இல் கம்பெனியின் பெயரே ஸோகோ என்று மாறிற்று. 2011-இல் ஸோகோ புக்ஸ் என்ற முழுக் கணக்கு மென்பொருள் வந்தது.

இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். பில் எழுதுவது முதலில் வந்தது, முழுக் கணக்கு மூன்றாண்டு கழித்து வந்தது. சிறு வியாபாரிக்கு முதலில் வேண்டுவது ஐந்தொகைக் குறிப்பன்று; பில்லும், யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியலும்தான். நம் மளிகைக் கடைகளில் கடன் எழுதும் 555 புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கையளவுள்ள அந்தப் புத்தகத்தை யாரும் குறைவாக எண்ணிவிடக் கூடாது. வாங்குகிறவர் கண்ணெதிரேயே வரி எழுதப்படுகிறது. இருவரும் ஒரே வரியைப் பார்க்கிறார்கள். மாத முடிவில் கூட்டுத்தொகையில் சண்டை வருவதில்லை. அந்த எளிமையை விட்டுவிட்டு நாற்பது பொத்தான்கள் வைத்த திரையைக் கொண்டுவந்து நீட்டினால், கடைக்காரர் பழைய புத்தகத்துக்கே திரும்பிவிடுவார். அதில் அவருடைய அறியாமை ஒன்றுமில்லை.

ஸோகோவைப் பற்றி நம்மவர் அறியவேண்டிய இன்னொன்று, அது எங்கே இருக்கிறது என்பது. தலைமை அலுவலகம் சென்னையை அடுத்து இருப்பினும், 2011-இல் தென்காசிக்கருகில் மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். வாடிக்கைக்காரர் குறைகளைக் கவனிக்கும் ஸோகோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கிருந்தே உருவாகி உலகமெங்கும் விற்பனையாகிறது. வேம்பு அவர்களும் 2019 முதல் அவ்வட்டாரத்திலேயே குடியிருந்து வருகிறார். தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்திலிருந்து நம் முன்னோர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியது ஊரில் பிழைப்பு இல்லாமையால் அன்றோ? அதே வயல்வெளியில் உட்கார்ந்துகொண்டு இன்று பிள்ளைகள் வெளிநாட்டுக் கடைகளுக்கு மென்பொருள் செய்கிறார்கள். மத்தளம்பாறையில் நடப்பது காப்பாரில் நடக்காது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இங்கே சாலை உண்டு, மின்சாரத்துக்கோ பெரிய மின்நிலையமே ஊரில் உண்டு, துறைமுகம் பக்கத்திலிருக்கிறது, மூன்று மொழி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆட்களைப் பொறுத்தவரையிலும் அவர்கள் வேறு வழியில் சென்றார்கள். பட்டம் பெற்றவரே வேண்டும் என்று காத்திராமல், பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளையும் டிப்ளோமா படித்தவர்களையும் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, தாமே கற்பித்து வேலைக்கமர்த்தும் பள்ளி ஒன்றை 2000-ஆம் ஆண்டுகளின் நடுவிலிருந்து நடத்தி வருகிறார்கள். நம் முன்னோர் கடைப் பையன்களைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்து, நாளடைவில் பங்காளியாக்கிய முறையும் இதுதானே.

மாதச் சந்தாவின் கணக்கு

இனி வியாபார விஷயத்துக்கு வருவோம். கடையில் ஒரு மூட்டை அரிசி விற்றால் இலாபம் அன்றைக்கே தெரியும். சந்தா வியாபாரத்தில் அப்படியன்று. அங்கே முதலில் செலவு, பின்னர் சிறுகச் சிறுக வரவு. இதைப் புரிந்துகொள்ளாமல் இறங்கியவர்கள் வாடிக்கை பெருகப் பெருக நஷ்டப்பட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் யாவும் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. ஒரு கடைக்கு மாதச் சந்தா 60 வெள்ளி. அந்தக் கடைக்காகக் கணினி வாடகை, தொலைபேசியில் பதில் சொல்லும் ஆள் ஆகிய செலவுகள் மாதம் 20 வெள்ளி. மீதி 40. அந்தக் கடையைப் பிடிப்பதற்கு விளம்பரம், ஆள் அனுப்பிச் சொல்லிக்கொடுத்தல், பழைய கணக்கை ஏற்றிக்கொடுத்தல் ஆகியவற்றுக்கு 600 வெள்ளி செலவாயிற்று. அப்படியானால் 15 மாதம் அந்தக் கடை நம்மிடம் இருந்தால்தான் போட்ட முதல் திரும்பும். பதினாறாம் மாதத்திலிருந்துதான் இலாபம்.

ஆகவே கேட்கவேண்டிய முதற்கேள்வி, இந்த மாதம் எத்தனை கடை சேர்ந்தது என்பதன்று. எத்தனை கடை விலகிற்று என்பது. மாதம் நூற்றுக்கு 3 கடை விலகினால், ஒரு கடை சராசரி 33 மாதம் தங்குகிறது. 1,320 வெள்ளி மிஞ்சுகிறது. 600 போக 720 இலாபம். மாதம் நூற்றுக்கு 8 கடை விலகினாலோ சராசரி பன்னிரண்டரை மாதம்தான் தங்கும். 500 வெள்ளிதான் மிஞ்சும். 600-க்கு 100 வெள்ளி நஷ்டம். இந்த நிலையில் ஆயிரம் கடைகளைச் சேர்த்தால் ஒரு இலட்சம் வெள்ளி நஷ்டத்தைச் சேர்த்ததாகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அபிவிருத்தி போலத் தெரியும்.

நூற்றுக்கு 3 என்பதும் சிறிய எண்ணன்று. ஆண்டுத் தொடக்கத்தில் 1,000 கடைகள் இருந்தால் ஆண்டு முடிவில் அவற்றுள் ஏறக்குறைய 694 மட்டுமே எஞ்சும். நூற்றுக்கு 1 என்று குறைத்துவிட்டால் 886 எஞ்சும். இந்த 192 கடைகளின் வித்தியாசம் எங்கே உண்டாகிறது? பெரும்பாலும் முதல் மாதத்திலேதான். வாங்கியவர் முதற் பில்லைத் தம் கையால் போட்டு, முதல் மாதக் கணக்கைத் தம் கண்ணால் பார்த்துவிட்டாரானால் பிறகு எளிதில் விலகார். அவர் பாதியில் இடறி நின்ற இடத்தில் யாராவது தொலைபேசியை எடுத்து, தமிழிலோ மலாயிலோ பதில் சொல்லவேண்டும். தமிழ் பேசும் கடைக்காரருக்கு ஆங்கிலத்தில் பதிவுசெய்த குரலை மட்டும் கேட்கவிடும் கம்பெனிகள் விட்டுவைத்த இடம் இது. நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வாசல் திறந்து கிடக்கவில்லை.

ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்குவது வழக்கம். பன்னிரண்டு மாதத்துக்குப் பத்து மாதப் பணம் என்று 600 வெள்ளி வாங்கினால், கடையைப் பிடித்த செலவு அன்றே திரும்பிவிடுகிறது. நல்லதுதான். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜனவரியில் 500 கடைகள் கட்டினால் மூன்று இலட்சம் வெள்ளி வங்கியில் நிற்கும். அது இலாபமன்று, வருமானமுமன்று. மாதம் 25,000 வெள்ளி வீதம் வேலை செய்து தீர்க்கவேண்டிய கடன். கல்யாண விருந்துக்கு முன்பணம் வாங்கியவர் சமைக்கும் முன்னரே அதை வீடு வாங்கச் செலவழித்தால் என்ன நேரும்? பிறருக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் கம்பெனியே தன் முன்பணத்தை வருமானம் என்று எழுதுவது வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடக்காததன்று.

பிறர் முதலை வாங்கலாமா?

இவ்விடத்தில் அபிப்பிராய பேதம் உண்டு. விரைந்து வளர வெளியார் முதல் வேண்டும் என்பார் சிலர். ஸோகோ வெளி முதலீட்டாளரிடம் பணம் வாங்காமலே வளர்ந்தது. 2023-இல் பத்துக் கோடிப் பேர் தன் மென்பொருள்களை உபயோகிப்பதாக அறிவித்தது. நியூஜிலாந்தில் 2006-இல் தோன்றிய ஸீரோவோ பங்குச் சந்தையில் பொதுமக்களிடம் முதல் திரட்டி வளர்ந்தது. நம் நாட்டிலே ஆட்டோகவுன்ட் என்ற கணக்கு மென்பொருள் கம்பெனி, பல்லாண்டு வியாபாரம் செய்த பின்னர், 2023-இல் கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஆக, இரண்டு வழியிலும் வென்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் கனடாவின் வான்கூவர் நகரில் பெஞ்ச் என்றொரு கம்பெனி இருந்தது. சிறு வியாபாரிகளுக்கு இணையம் வழியாகக் கணக்கெழுதிக் கொடுத்தது. முதலீட்டாளர்களிடம் பத்துக் கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டியிருந்தது. 2024 டிசம்பர் 27-ஆம் தேதி, முன்னறிவிப்பின்றிக் கதவை மூடிவிட்டதாக அறிவித்தது. ஆண்டு முடிந்து வரிக் கணக்குக் கட்டவேண்டிய வேளையில் ஆயிரக்கணக்கான வியாபாரிகள் புத்தகமின்றி நின்றார்கள். சில தினங்களில் வேறொரு கம்பெனி அதை வாங்கிக்கொண்டது என்பது அவர்கள் அதிர்ஷ்டம். பெரிய கம்பெனியானால் பயமில்லை என்றும் எண்ணவேண்டாம். அமெரிக்காவின் இன்டியூட், தன் குவிக்புக்ஸ் மென்பொருளை இந்தியாவில் 2023 ஜனவரி 31-உடன் நிறுத்திக்கொண்டது. முன்கூட்டிச் சொல்லித்தான் நிறுத்தியது. ஆயினும் அதை நம்பியிருந்த கடைகள் வேறிடம் தேடத்தான் வேண்டியிருந்தது.

என் அபிப்பிராயம், முதல் 300 கடைகள் வரையிலாவது சொந்த முதலிலும் சந்தாப் பணத்திலும் நடத்துவதே மேல் என்பது. வெளியார் பணம் வந்தவுடன் அவர்களுடைய அவசரமும் கூடவே வரும். கணக்கு மென்பொருளோ அவசரத்துக்கு உகந்ததன்று. வட்டிக்கு வாங்கி நடத்தும் பேச்சையே நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டு முதல் போட்டு இலாப நஷ்டத்தைப் பகிரும் முறை நமக்குப் பழக்கமானதே.

மென்பொருளின் உட்புறம்

தந்தைமார் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். பிள்ளைகள் ஊன்றிப் படிக்கவேண்டும்.

ஒவ்வொரு நடவடிக்கையும் பற்று, வரவு என்ற இரு புறத்திலும் சமமாக விழவேண்டும். சமமாகாத பதிவை மென்பொருள் ஏற்கவே கூடாது. 100 வெள்ளிக்குக் கடனாக விற்றால், வாங்கியவர் கணக்கில் வரிசேர்த்த தொகை பற்று. விற்பனைக் கணக்கில் 100 வரவு. வரிக் கணக்கில் வரித்தொகை வரவு. இவற்றுள் ஒன்று எழுதி மற்றொன்று எழுதுமுன் மின்சாரம் நின்றால், மூன்றும் எழுதப்படாததாகவே ஆகவேண்டும்.

எழுதிய பதிவை அழிக்கவும் இடம் தரலாகாது. பிழையானால் எதிர்ப்பதிவு எழுதித் திருத்தவேண்டும். பழைய கணக்கப்பிள்ளைகள் பேரேட்டில் சுரண்டி எழுதமாட்டார்கள். குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுவார்கள். யார், எந்நேரத்தில், எதை மாற்றினார் என்பது நிற்கவேண்டும். இந்நாட்டு வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆதாரங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். ஆகவே சந்தாவை நிறுத்திய வாடிக்கைக்காரருக்கும் அவருடைய ஏழாண்டுக் கணக்கைக் கையில் எடுத்துக்கொடுக்க வழி வைத்திருப்பது கம்பெனியின் கடமை. போகிறவர் பேரேட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசுவது நாணயமன்று.

பணத்தைப் பின்ன எண்ணாக வைக்காதீர்கள். முழுச் சென்னாகவே வைத்துக் கூட்டுங்கள். கணினி பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் இரட்டை எண் முறையில் சரியாக வைக்கமுடியாது. கூட்டினால் கடைசித் தானத்தில் பிசகு வரும். ஒரு பில்லில் தெரியாது. இலட்சம் பில்லில் கல்லாவும் கணக்கும் ஒட்டாமல் நிற்கும். இந்நாட்டில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை 5 சென்னுக்குச் சுற்றும் முறை நடைமுறையில் உள்ளது. 12.43 வெள்ளி, 12.45 ஆகும்; 12.42 வெள்ளி, 12.40 ஆகும். அந்த இரண்டு சென் எங்கே போயிற்று என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மென்பொருள்கள் சில இங்கேதான் தடுமாறும். இன்று டூயிட்நவ் க்யூஆர் வழியாக வரும் பணத்துக்குச் சுற்றல் வேண்டியதில்லை. ஒரே பில்லில் பாதி ரொக்கம், பாதி க்யூஆர் என்றால் என்ன செய்வது? நம் உணவகக் கல்லாவில் ஒரு மாலை நின்று பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்வியே தோன்றும்.

வரியைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 2015 ஏப்ரல் 1-இல் இந்நாட்டில் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 6 என்று வந்தது. மென்பொருள் வாங்கச் சிறு வியாபாரிகளுக்கு அரசாங்கம் 1,000 வெள்ளி மின்சீட்டுக் கொடுத்து உதவியது. கணக்கு மென்பொருள் கம்பெனிகள் நல்ல அறுவடை கண்டன. 2018 ஜூன் 1-இல் அதே வரி பூஜ்யமாயிற்று. செப்டம்பர் 1-இல் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 ஆக உயர்ந்தது. ஆனால் உணவு, பானம் முதலிய சிலவற்றுக்கு 6-ஆகவே நின்றது. வரி விகிதத்தை மென்பொருளின் எலும்புக்குள் எழுதிவைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் அறுவை செய்யவேண்டியதாயிற்று. விகிதத்தைத் தனி அட்டவணையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தச் சேவைக்கு என்று எழுதிவைத்தவர்கள் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுத் தூங்கப்போனார்கள். பழைய பில்லைத் திருப்பி எடுத்தால் அந்நாளைய விகிதமே வரவேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இ-இன்வாய்ஸ் நடைமுறை

விற்பவரின் மென்பொருள் பில்லின் விவரங்களை வாரியத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அது சரிபார்த்துத் தனி எண் கொடுக்கிறது. அந்த எண்ணைக் கொண்ட க்யூஆர் குறியுடன் பில் வாங்குபவருக்குப் போகிறது. தவறிருந்தால் 72 மணி நேரத்துக்குள் வாங்குபவர் மறுக்கலாம், விற்பவர் ரத்துச் செய்யலாம். அதன் பின்னர் திருத்தப் பில்தான். தேநீர் குடிக்க வருகிறவர் இ-இன்வாய்ஸ் கேட்கமாட்டார். அத்தகைய விற்பனைகளைச் சேர்த்து, மாதம் முடிந்த 7 நாட்களுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பலாம். ஆனால் 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட தனி விற்பனையைத் தொகுப்பில் சேர்க்கலாகாது என்ற விதி 2026-இல் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் சலுகைக் காலம் உண்டெனினும், சட்டப்படி பில் அனுப்பாமைக்கு 200 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இதிலே கம்பெனி நடத்துகிறவர் கற்கவேண்டியது, வாரியத்தின் கணினியும் சில வேளை பதில் சொல்லாது என்பதுதான். அப்போது கடைக்காரரைக் காக்கவைக்கக் கூடாது. பில்லை வரிசையில் நிறுத்திவைத்து, வழி திறந்ததும் அனுப்பி, அனுப்பாமல் நிற்பவை எத்தனை என்று முகப்பிலேயே காட்டவேண்டும். மாதத் தொடக்கத்து ஏழு நாட்களும், தனியாள் வியாபாரிகளின் வரிக் கணக்குக்குத் தவணையான ஜூன் 30-ஐ ஒட்டிய வாரங்களும் தொலைபேசி ஓயாமல் அடிக்கும் நாட்கள். பள்ளி விடுமுறை, பெருநாள் விடுப்பு எல்லாவற்றையும் இந்த நாட்காட்டியைப் பார்த்தே ஆட்களுக்குக் கொடுக்கவேண்டும். அந்த வாரங்களில் புதிய வசதி எதையும் வெளியிடாதீர்கள். புயலில் யாரும் பாய் மாற்றுவதில்லை.

அமானிதம்

ஒரு வியாபாரியின் கணக்கைப் பார்த்தால் அவர் குடும்பத்தையே பார்த்தது போல. யாரிடம் எவ்வளவுக்கு வாங்குகிறார், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எந்த வேலையாளுக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். காப்பார் போன்ற ஊரில் எதிர்க்கடைக்காரரும் அதே கம்பெனியின் வாடிக்கைக்காரராக இருப்பார். ஒருவர் கொள்முதல் விலை மற்றவர் காதுக்குப் போயிற்று என்றால் அன்றோடு கம்பெனி முடிந்தது. ஆகவே கம்பெனியின் ஆட்கள்கூட, வாடிக்கைக்காரர் அனுமதித்த நேரத்தில் மட்டுமே அவர் கணக்கைத் திறக்கலாம் என்று மென்பொருளிலேயே பூட்டுப் போட்டிருக்கவேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010-இலிருந்தே இந்நாட்டில் உண்டு. 2024-இல் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சம் மூன்று இலட்சத்திலிருந்து பத்து இலட்சம் வெள்ளியாயிற்று. 2025 ஜூன் முதல், தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்கவேண்டும். கணக்கின் நகல் ஒன்று வேறொரு இடத்தில் தினமும் சேரவேண்டும். சேர்ந்தால் போதாது, மூன்று மாதத்துக்கொரு முறை அந்த நகலிலிருந்து கணக்கைத் திரும்ப எழுப்பிப் பார்க்கவும் வேண்டும். எழுப்பிப் பாராத நகல், பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் சாவியை மட்டும் வைத்திருப்பது போலாகும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நம் வியாபாரிகள் அறிவார்கள். எழுதுகிறவர் இருவருக்கும் நடுவராக நின்று எழுதவேண்டும் என்ற கருத்து அதிலே வருகிறது. இன்று அந்த எழுத்தரின் இடத்தில் மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது.

நம்மவர்க்கென ஒரு வசதியையும் குறிப்பிட்டுவிடுகிறேன். வியாபார ஜக்காத்தைக் கணக்கிடக் கையிலுள்ள ரொக்கம், விற்பனைச் சரக்கின் மதிப்பு, வரவேண்டிய நல்ல கடன் ஆகியவற்றைக் கூட்டி, கொடுக்கவேண்டியதைக் கழித்து நூற்றுக்கு இரண்டரை எடுப்பது வழக்கம். வேண்டிய எண்கள் யாவும் மென்பொருளில் இருக்கின்றன. ஆயினும் பெருங் கம்பெனிகளின் மென்பொருள்கள் ஆங்கில ஆண்டை வைத்தே புத்தகத்தை மூடுகின்றன. ஹிஜ்ரி ஆண்டோ அதைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் முதல் பிறையன்று கணக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் கணக்கப்பிள்ளை மறுபடியும் காகிதமும் பேனாவும் எடுக்கவேண்டியிருக்கிறது. எந்த நாளைக் கேட்டாலும் அந்த நாளின் ஐந்தொகையைக் காட்டும்படி எழுதுவது, முதலிலிருந்தே திட்டமிட்டால், ஒரு வார வேலை. வரவேண்டிய கடனுள் எது நல்ல கடன், எது வாராக்கடன் என்பதை மட்டும் முதலாளியே குறிக்கவேண்டும். அதை எந்தக் கணினியிடமும் விடமுடியாது. சிலாங்கூர் ஜக்காத் வாரியத்துக்குக் கொண்டுபோகத்தக்க ஒரு தாளாக அதை அச்சிட்டுக் கொடுத்தால், கிள்ளான் ஆற்றின் இரு கரையிலும் அதற்கு வாடிக்கைக்காரர்கள் இருப்பார்கள்.